அப்பாவுக்கு "லோன் டியூ"ன்னு தினமும் போன் வருது. வாங்காத கடனா, மறந்துபோன கடனா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

சாம்பல்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. சுருக்கிச் சொன்னா நீங்களும் என் தம்பி மாதிரி "பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாரு"ன்னு சொல்லிடுவீங்க.

அப்பாவுக்கு 68 வயசு. பஸ் டிப்போவுல ஸ்டோர் கீப்பரா இருந்து ரிடையர் ஆனவர். மளிகைக் கடையில "கணக்குல எழுதிக்கோங்க"ன்னு நான் சொன்னாக்கூட அங்கேயே திட்டுவார். கையில காசு இருந்தா வாங்கு, இல்லேன்னா இல்லாம இரு. அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பதினொரு நாளா கடன் வசூல்னு போன் வந்துட்டிருக்கு.

முதல் போன் ஒரு திங்கட்கிழமை காலையில. பொம்பளைக் குரல், ரொம்ப மரியாதை. அப்பா பேரு இனிஷியலோட, தாத்தா பேரு, 2019 வரைக்கும் நாங்க இருந்த வாடகை வீட்டு விலாசம், பான் கார்டுல கடைசி நாலு எழுத்து, எல்லாம் சரியாச் சொல்லியிருக்கு. "பர்சனல் லோன்ல 43,800 ரூபாய் நிலுவை, 14 மாசமா கட்டலை"ன்னு சொல்லியிருக்கு. அப்பா, "நான் எந்த லோனும் வாங்கலையேம்மா"ன்னாராம். அதுக்கு அந்தப் பொண்ணு, "சார், தவணையில ஃபிரிட்ஜ் வாங்கினீங்களே, ஞாபகம் இல்லையா? அந்த அக்கவுண்ட்லயே டாப்-அப், அதாவது கூடுதல் கடன், போட்டிருக்கு. ஓடிபி சொல்லியிருப்பீங்க, மறந்திருப்பீங்க"ன்னு சொல்லியிருக்கு.

ஃபிரிட்ஜ் உண்மைதான். அம்மா இருந்தப்போ, அவங்க பிடிவாதத்துல வாங்கினது. அப்பா வாழ்க்கையில போட்ட ஒரே தவணை அதுதான். அந்த ஒத்தைச் சொல்லுல மனுஷன் ஆடிப்போயிட்டார். வாங்கலைன்னு அடிச்சுச் சொன்னவர், "ஒருவேளை எதுலயாவது கையெழுத்து போட்டிருப்பேனோ"ன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டார்.

மறுநாள்லேர்ந்து ஆம்பளைக் குரல். "யோவ் பெருசு"ன்னுதான் ஆரம்பமே. ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம்கூட வருது. நாலாம் நாள் வாட்ஸ்அப்புல ஒரு பிடிஎஃப். மேல சிங்க முத்திரை, கீழ வட்ட சீல், "நீதிமண்ற கைது வாரண்டு"ன்னு தலைப்பு (மூணு சுழி 'ண்' அவங்க போட்டதுதான், நான் இல்லை). முதல் பக்கத்துல ஒரு வழக்கு எண், ரெண்டாம் பக்கத்துல வேற எண். இன்னைக்கு நாலு மணிக்குள்ள 12,500 ரூபாய் "செட்டில்மென்ட்" கட்டினா வழக்கை வாபஸ் வாங்கிடுவாங்களாம். கீழ ஒரு யூபிஐ ஐடி. கம்பெனி பேர்ல இல்ல, யாரோ ஒரு ஆள் பேர்ல.

இதெல்லாம் எனக்கு ஏழாம் நாள்தான் தெரியும். அதுவும் அவர் சொல்லித் தெரியலை. வீட்டுல அப்பா சட்டையே போடமாட்டார். வேட்டி, தோள்ல ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த மூணு நாளும் காலையில குளிச்சதுமே முழுக்கைச் சட்டை, மேல் பட்டன் வரைக்கும் போட்டு, பாக்கெட்டுல பேனா செருகி, கேட்டைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "எங்கப்பா கிளம்பறீங்க?"ன்னு கேட்டேன். "எங்கேயும் இல்ல. யாராவது வந்தா, அப்படியே வெத்து உடம்போட போக முடியுமா?"ன்னார். அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னார்.

என்னோட கேள்விகள். இப்படி ஒரு கடன் உண்மையிலேயே அவர் பேர்ல இருக்கா இல்லையான்னு அவங்களைக் கேக்காம எப்படிக் கண்டுபிடிக்கறது? அடுத்த தடவை போன் வந்தா என்ன பேசணும்? என் மாமாவுக்கும் ஒரு போன் போயிருக்கு, "நீங்கதான் ஜாமீன்"னு சொல்லியிருக்காங்க. அவர் வேற பயந்துட்டிருக்கார். நம்பரை மாத்தலாம்னா பென்ஷன் அக்கவுண்ட், ஆதார், கேஸ் எல்லாமே இதுலதான் இருக்கு.


ரெண்டாம்ஆட்டம் எழுதியது:

சிம்பிள். தெரியாத நம்பர் எடுக்காதீங்க. எடுத்தா கட் பண்ணுங்க. நூறு பர்சென்ட் ஃபிராடு. இதுக்குப் போய் ரிப்போர்ட், அலைச்சல் எல்லாம் தேவையே இல்லை. நாய் குரைச்சா நின்னு பதில் சொல்லுவோமா?


மொட்டைமாடி எழுதியது:

@ரெண்டாம்ஆட்டம், நானும் இதே வசனத்தைத்தான் பேசினேன். ஏழு மாசம் பிளாக் பண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் வீட்டு லோனுக்குப் போனா, பேங்குல சிபில் (நம்ம கடன் கணக்கு எல்லாம் இருக்கற ரிப்போர்ட்) பார்த்துட்டு, "உங்க பேர்ல 9,000 சொச்சத்துக்கு ஒரு ஆப் லோன் ஓவர்டியூ இருக்கே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என் பான் நம்பரை வச்சு எவனோ வாங்கியிருக்கான். கூப்பிட்டவன் நிஜமான வசூல் ஆள். கடன்தான் பொய். அதைச் சரி பண்றதுக்குள்ள நான் பார்த்து வச்சிருந்த வீடு கைமாறிப் போச்சு.

போன்ல வாதாட வேண்டாம், சரி. ஆனா கடன் இருக்கா இல்லையான்னு பார்க்காம விட்டுடாதீங்க சிஸ்டர்.


முன்னாள்டெலிகாலர் எழுதியது:

தங்கச்சி, நான் நாலரை வருஷம் ரெண்டு வசூல் ஏஜென்சியில ஹெட்செட் மாட்டிக்கிட்டு உட்கார்ந்தவன். பெருமைக்குச் சொல்லலை. உள்ளே என்ன நடக்கும்னு தெரியும், அதனால சொல்றேன்.

காலையில எங்களுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் வரும். அதுக்கு 'அலகேஷன்'னு பேரு. பேரு, லோன் நம்பர், டியூ தொகை, கடைசியாக் கட்டின தேதி, விலாசம், லோன் வாங்கும்போது ரெஃபரன்ஸா கொடுத்த ரெண்டு தெரிஞ்சவங்க போன் நம்பர், எல்லாம் அதுல இருக்கும். தவணை தள்ளிப்போனது 30 நாள் வரைக்கும்னா ஒரு 'பக்கெட்', 60 வரைக்கும் ஒண்ணு, 90 வரைக்கும் ஒண்ணு. தொண்ணூறைத் தாண்டினா குரலும் மாறும், ஆளும் மாறும். அந்த ஷீட்டை வேலையை விட்டுப் போற பையன் பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டுப் போனதை நானே பார்த்திருக்கேன். உங்க அப்பாவோட ஃபிரிட்ஜ் லோன் விவரம் இப்படி ஏதாவது ஒரு ஷீட்டுல இருந்து கிளம்பியிருக்கலாம். அதனால "அவங்களுக்கு எல்லாம் தெரியுதே"ங்கறதை ஆதாரமா எடுத்துக்காதீங்க. விவரம் உண்மையா இருக்கலாம், கடன் பொய்யா இருக்கலாம்.

இன்னொண்ணு. "கத்தினா ஃபிராடு, மரியாதையாப் பேசினா ஒரிஜினல்"னு பல பேர் நினைக்கறாங்க. தப்பு. ஒரிஜினல் ஆளுங்களும் கத்துவாங்க. மாசக் கடைசியில டார்கெட் தலைக்கு மேல நிக்கும்போது நானே கத்தியிருக்கேன், இப்ப வெட்கமா இருக்கு. ஃபிராடு பண்றவன் தேன் மாதிரி பேசுவான். குரலை வச்சு முடிவு பண்ணவே முடியாது.

நான் பார்க்கறது ஒண்ணைத்தான்: பணத்தை எங்கே போடச் சொல்றான்? நிஜக் கடன்னா பணம் அந்த லோன் அக்கவுண்டுக்குத்தான் போகணும். கம்பெனியோட சொந்த ஆப்புலயோ வெப்சைட்லயோ லோன் நம்பரைப் போட்டா டியூ தொகை தானா வரும், கட்டினா அங்கேயே ரசீது வரும். தனி ஆள் யூபிஐக்குப் போடச் சொன்னான்னா அதோட பேச்சு முடிஞ்சுது.

அடுத்த போன் வந்தா அப்பா பேச வேண்டாம், நீங்க எடுங்க. பேப்பர் பேனாவோட உட்காருங்க. கடன் கொடுத்த கம்பெனி பேரு என்ன, லோன் அக்கவுண்ட் நம்பர் என்ன, நீங்க எந்த ஏஜென்சி, உங்க பேரு என்ன. இவ்வளவுதான் கேக்கணும். அவன் "முதல்ல உங்க பிறந்த தேதி சொல்லுங்க, வெரிஃபை பண்ணணும்"னு திருப்புவான். சொல்லாதீங்க. கூப்பிட்டது அவன், நிரூபிக்க வேண்டியதும் அவன்தான். "எழுத்துல அனுப்புங்க, பார்த்துட்டுப் பேசறேன்"னு வச்சிடுங்க. அப்புறம் அந்தக் கம்பெனி நம்பரை உங்க பழைய ரசீதுலயோ அவங்க வெப்சைட்லயோ பார்த்து நீங்களே கூப்பிடுங்க. அவன் கொடுக்கற நம்பர்ல கூப்பிட்டா, பக்கத்து சீட்டுல இருக்கறவன்தான் "மேனேஜர் பேசறேன்"னு எடுப்பான்.

ஆப் மூலமா வாங்கின கடன்னா இன்னொரு விதி இருக்கு. எந்த ஏஜென்ட்டை அனுப்பறாங்களோ அவர் விவரத்தை, அவர் உங்களைத் தொடர்பு கொள்றதுக்கு முன்னாடியே, எஸ்எம்எஸ்லயோ மெயில்லயோ கடன் கொடுத்தவங்க சொல்லியாகணும். முறையான ஆளுங்க 'டிஆர்ஏ'ன்னு கடன் வசூல் ஏஜென்ட்டுக்கான ஒரு பயிற்சி முடிச்சு, ஐஐபிஎஃப்ங்கற வங்கியியல் பயிற்சி நிறுவனம் நடத்தற பரீட்சை எழுதியிருப்பாங்க. பட்டதாரி இல்லாதவங்களுக்கு 100 மணி நேரம், பட்டதாரிக்கு 50. நானும் எழுதினவன்தான். அடையாள அட்டை, அங்கீகாரக் கடிதம் கேட்டா காட்டணும்.

கடைசியா, "ஒரு சின்ன தொகையாவது போடுங்க, ஃபைலை நிறுத்தி வைக்கறேன்"னு கெஞ்சுவான். அதுதான் தூண்டில். ஒரு ரூபாய்கூட போடாதீங்க. ஏற்கனவே போட்டிருந்தா மறைக்காம சொல்லுங்க, அதுக்கு வழி வேற.


ஓய்வுபெற்றகாசாளர் எழுதியது:

சகோதரி, முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தந்தையைச் சட்டையைக் கழற்றிவிட்டு நிம்மதியாக உட்காரச் சொல்லுங்கள். கடன் தவணை கட்டவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் போலீஸ் வந்து அழைத்துப் போவதில்லை. அது உரிமையியல் விவகாரம். காசோலை கொடுத்து அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். அதற்கும் முதலில் எழுத்துமூல நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம், பிறகு நீதிமன்ற சம்மன் என்று ஒரு வரிசை உண்டு. இன்று நாலு மணிக்குள் என்று எந்த நீதிமன்றமும் பேரம் பேசாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூடக் காவல்துறை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "லோக் அதாலத் நோட்டீஸ்" என்று ஒன்றைக் காட்டியும் பயமுறுத்துவார்கள். லோக் அதாலத் என்பது இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசும் இடம். அங்கிருந்து கைது வராது.

உங்கள் மாமா ஜாமீன்தாரர் அல்ல. ஜாமீன் என்றால் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். யாரோ ஒரு படிவத்தில் அவருடைய எண்ணை ரெஃபரன்ஸ் என்று எழுதியதால் அவர் ஒரு பைசாவுக்கும் பொறுப்பாக மாட்டார். அடுத்த முறை "என் கையெழுத்து உள்ள பத்திரத்தைக் காட்டு" என்று கேட்கச் சொல்லுங்கள்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நிஜமான கடனாகவே இருந்தாலும் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, உறவினர்களிடமும் நண்பர்களிடமும் போய் நிற்கக் கூடாது. ஏஜென்ட் செய்த தவறுக்கு வங்கியே பொறுப்பு. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் இது பதிவு பெற்ற நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். மோசடிக்காரனுக்குக் குறைதீர்ப்பாளர் கிடையாது, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-தான்.

கடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது ஒருவர் பெயரில் உள்ள கடன் கணக்குகளின் பதிவு. அதைத் தர நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம் என்பதால் நான்கையுமே எடுத்துவிடுங்கள். அவருடையது அல்லாத கடன் தெரிந்தால் அங்கேயே 'டிஸ்ப்யூட்' (ஆட்சேபணை) போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் விதி வந்தது. இலவச ரிப்போர்ட் எடுக்கும் பக்கத்திலேயே மாதச் சந்தா கேட்டு ஒரு பெரிய பட்டன் மின்னும், அதை அழுத்திவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டோடு பாஸ்புக்கையும் பாருங்கள். பதிவு இல்லாத ஆப்காரர்களின் கடன் ரிப்போர்ட்டில் தெரியாது. ஆனால் கடன் என்றால் பணம் எங்கேயாவது வந்து இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? 14 மாத நிலுவை என்றால் அதற்கு முந்தைய மாதங்களில் வரவு எங்கே?

பழைய கடன் நிஜமாகவே வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கடனைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு காலக்கெடு உண்டு. அது முடிவதற்குள் கொஞ்சம் பணம் கட்டினாலோ, பாக்கி உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். "டோக்கன் தொகை" கேட்பதில் இந்தக் கணக்கும் உண்டு.


புதுசிம் எழுதியது:

இன்னொரு வகையும் இருக்கு, யாருக்காவது உதவும். எனக்கு வந்த போன்ல என் பேரே சொல்லலை, வேற யாரோ ஒருத்தரைக் கேட்டாங்க. நான் சிம் வாங்கி நாலு மாசம்தான் ஆகுது. யாரோ விட்ட நம்பர், 90 நாள் கழிச்சு எனக்கு வந்திருக்கு. கடன் அந்தப் புண்ணியவானோடது. "நான் அவர் இல்லை"ன்னு முப்பது தடவை சொன்னேன், ஒருத்தரும் நம்பலை. "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க"ன்னு சிரிக்கறாங்க. கடைசியில கடன் கொடுத்த கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு, சிம் ஆக்டிவேட் ஆன தேதியோட ஒரு மெயில் போட்டேன். அதுக்கப்புறம் நின்னுது.


சாம்பல்குருவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. காசாளர் சார், நீங்க எழுதினதை அப்பாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். "138-ன்னா என்ன, இன்னொரு தடவை படி"ன்னார். படிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து போய் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்தார்.

ரிப்போர்ட் எடுத்த கதையைக் கேளுங்க. நேத்து ராத்திரி லேப்டாப்ல பான் நம்பர், பிறந்த தேதி எல்லாம் போட்டாச்சு. அப்பா போனுக்கு ஓடிபி வந்துது. "சொல்லுங்கப்பா"ன்னேன். மனுஷன் போனை மார்போட அணைச்சுக்கிட்டு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே"ங்கறார். நான்தான்ப்பா கேக்கறேன்னு சொன்னா, "அதான். பெத்த பொண்ணாயிருந்தாலும் சொல்லக் கூடாதுன்னு மெசேஜ்லயே போட்டிருக்கு பாரு"ங்கறார். அப்படியெல்லாம் அதுல ஒண்ணும் போடலை. கடைசியில லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வச்சேன். ஒத்தை விரலால ஆறு எண்ணையும் அவரே தட்டினார். அதுக்குள்ள நேரம் முடிஞ்சு இன்னொரு ஓடிபி. மூணாவது தடவைதான் உள்ளே போச்சு.

ரிப்போர்ட்டுல ஒரே ஒரு கணக்கு. 'கன்ஸ்யூமர் லோன்', 2018-ல ஆரம்பிச்சு 2019-ல முடிஞ்சது. பாக்கி பூஜ்யம், 'க்ளோஸ்டு'. ஒரு தவணைகூட ஒரு நாள் தள்ளிப் போகலை. அதைப் பார்த்தப்போ அவர் முகத்துல ஒரு பெருமை. பதினோரு நாள் கழிச்சு முதல் தடவையா. மத்த மூணு கம்பெனி ரிப்போர்ட்டும் எடுத்துட்டேன், வேற கடன் எதுவும் இல்லை. டாப்-அப்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

"என்.ஓ.சி கொடுத்தாங்களே, உங்கம்மா எங்கேயோ வச்சா"ன்னு, கடன் பாக்கி இல்லைன்னு கம்பெனி கொடுத்த கடிதத்தைத் தேட ஆரம்பிச்சார். ஃபிரிட்ஜ் மேல விரிச்சிருக்கற பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழ, கேரண்டி அட்டை வந்த கவருக்குள்ள மடிச்சு இருந்துது. பின்பக்கம் அம்மா கையெழுத்துல "கடன் தீர்ந்தது. பத்திரம்"னு எழுதி தேதி போட்டிருக்கு. அதைப் பத்தி இங்க மேல எழுத வேண்டாம்னு பார்க்கறேன்.

முன்னாள்டெலிகாலர் அண்ணா, நீங்க கடைசியில எழுதின வரியை அவருக்குப் படிச்சப்போ பேச்சே இல்லை. காலையில பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தா ரெண்டாம் நாளே 3,000 ரூபாய் போயிருக்கு. பக்கத்துத் தெரு பையன்கிட்ட போனைக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கார். என்கிட்ட சொல்லாததுக்குக் காரணம் கேட்டேன். "முப்பத்தஞ்சு வருஷம் டிப்போ கணக்குல ஒரு நட்டு குறைஞ்சதில்ல, உங்கிட்ட வந்து ஏமாந்தேன்னு எப்படிச் சொல்றது"ன்னார். எனக்குக் கோபம் வந்துது, அழுகையும் வந்துது. இனி என்ன பண்ணணும்?


முன்னாள்டெலிகாலர் எழுதியது:

அவரைத் திட்டாதீங்க தங்கச்சி. எங்க ஷீட்டுல பெரிய படிப்பு படிச்சவங்கதான் சீக்கிரம் பணம் போடுவாங்க. மானத்துக்குப் பயந்தவன்தான் முதல்ல கட்டுவான், கடன்காரன் இல்லை.

உடனே 1930-க்கு போன் போடுங்க. இல்லேன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் பதிவு பண்ணுங்க. பாஸ்புக்குல இருக்கற பரிவர்த்தனை எண், யூபிஐ ஐடி, நேரம், பிடிஎஃப், கூப்பிட்ட நம்பர்கள், எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கோங்க. எதையும் டெலீட் பண்ணாதீங்க, பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பணம் போன ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல சொல்லியிருந்தா அந்த அக்கவுண்டை நிறுத்தி வைக்க நல்ல வாய்ப்பு. இப்ப நாள் ஆயிடுச்சு, பெருசா எதிர்பார்க்காதீங்க. ஆனாலும் புகார் கொடுங்க. தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல 'சக்ஷு'ன்னு ஒரு பகுதி இருக்கு, கூப்பிட்ட நம்பர்களை அதுல போடுங்க. அதே தளத்துல அப்பா பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னும் பார்த்துடுங்க. அவர் வாங்காத நம்பர் இருந்தா அங்கேயே சொல்லி நிறுத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு தடவை பணம் போட்டவர் நம்பருக்கு அந்தக் கும்பல்ல விலை ஜாஸ்தி. கொஞ்ச நாள்ல வேற ஒருத்தன் ரொம்ப அன்பா கூப்பிடுவான். "சார், நீங்க ஏமாந்த 3,000-த்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் 500 மட்டும்"னு. இல்லேன்னா "ரீஃபண்ட் ஆப்"னு ஒரு ஃபைலை வாட்ஸ்அப்புல அனுப்பி இன்ஸ்டால் பண்ணச் சொல்வான். அதே ஆளுங்கதான், குரல் மட்டும் வேற.


ரெண்டாம்ஆட்டம் எழுதியது:

சரி, ஒத்துக்கறேன். நானும் இப்பதான் என் சிபிலை எடுத்துப் பார்த்தேன். கடன் எதுவும் இல்லை. ஆனா நான் போகவே போகாத ஒரு கம்பெனி ரெண்டு தடவை என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்கு. இதுக்கு என்ன பண்றது?


ஓய்வுபெற்றகாசாளர் எழுதியது:

ரெண்டாம்ஆட்டம் தம்பி, அதற்கு 'என்கொயரி' என்று பெயர். அந்த நிறுவனத்துக்கு, யார் கேட்டு என் ரிப்போர்ட்டை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ரிப்போர்ட் நிறுவனத்திலும் டிஸ்ப்யூட் போடுங்கள். உங்கள் பெயரில் யாரோ விண்ணப்பித்துப் பார்த்திருக்கலாம். ரிப்போர்ட்டில் உங்கள் மொபைலும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது ரிப்போர்ட்டை எடுத்தால் அங்கேதான் எச்சரிக்கைச் செய்தி வரும்.


சாம்பல்குருவி எழுதியது:

கடைசி தகவல். 1930-ல மூணாவது தடவைதான் லைன் கிடைச்சுது. பதிவு எண் வந்துடுச்சு, பணம் இன்னும் வரலை. அண்ணா சொன்ன மாதிரியே வியாழக்கிழமை ஒரு "மீட்பு அதிகாரி" கூப்பிட்டார். நான் எடுக்கறதுக்குள்ள அப்பாவே எடுத்துட்டார். கையில பழைய டைரி, பேனா. "உங்க பேரு என்ன? எந்த ஆபீஸு? எழுத்துல அனுப்புங்க"ன்னார். ஸ்டோர்ல சாமான் வாங்க வர்றவங்ககிட்ட இன்டென்ட் சீட்டு கேக்கற அதே குரல். அந்தப் பக்கம் கட் பண்ணிட்டாங்க. டைரியில நேரத்தோட எழுதி வச்சுக்கிட்டார். இதுவரைக்கும் ஒன்பது பேரை எழுதியிருக்கார்.

ஆனா அதுல ஒன்பதாவது, 1600-னு தொடங்கற நம்பர். அந்த வரிசையை பேங்க் மாதிரி நிதி நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும்தான் ஒதுக்கியிருக்காங்கன்னு அப்புறம்தான் பார்த்தேன். விசாரிச்சா, பென்ஷன் அக்கவுண்டுக்கு கேஒய்சி புதுப்பிக்கணும்னு நிஜமாவே பேங்க்லேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. அவங்களையும் "எழுத்துல அனுப்புங்க"ன்னு அதட்டி வச்சிருக்கார். நாளைக்கு அரை நாள் லீவு போட்டு அவரை பிராஞ்சுக்குக் கூட்டிட்டுப் போகணும். டைரியையும் எடுத்துட்டுத்தான் வருவாராம்.